ஐந்துக்குக் கீழே

மூக்கனின் நாக்கில் வந்த புண்ணை வெட்டி எடுப்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு திகதி கொடுத்திருந்தார்கள். அந்தத் திகதிக்கு அவர் போகவில்லை. கிளினிக்கில் ஏசிவிட்டு, இரண்டு மாதம் தள்ளி இன்னொரு திகதி வாங்கிக் கொடுத்தார்கள். நாக்கில் பாதிக்கு மேல் போகும், ஆனால் ஆள் தப்பலாம் என்றார்கள். அதற்கும் வராவிட்டால் புண் கழுத்துக்கு இறங்கிவிடும், பிறகு வெட்டியும் பிரயோசனமில்லை என்றும் சொன்னார்கள். மூக்கன் "ஓம் சேர்" என்றார். முதல் திகதிக்கும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சுமித்திராவை அவர் வீட்டுக்கு அனுப்பியது இந்தத் திகதிக்காக அல்ல. அவள் உளவளத்துணை படிக்கும் மாணவி, இறுதியாண்டு. புற்றுநோய் வந்தவர்களோடு வாரம் ஒருதரம் வீட்டில் போயிருந்து முறைப்படி கதைத்தால் மன உளைச்சல் குறைகிறதா என்று பார்க்க ஓர் ஆய்வு நடந்தது. அதற்குத் தொண்டராக அவள் பெயர் கொடுத்திருந்தாள். பரந்தனில் வீடு, கையில் ஒரு பழைய ஸ்கூட்டி. உருத்திரபுரத்துப் பக்கம் போகக்கூடியவர் யார் என்று ராஜினி மிஸ் கேட்டபோது கை உயர்த்தியது அவள் மட்டுந்தான். ராஜினி மிஸ்தான் மாணவர்களை மேற்பார்த்தவர்.

ஆய்வுக்குச் சில விதிகள் இருந்தன. கதைக்கும்போது அறையில் நோயாளியும் மாணவியும் மட்டுமே இருக்கவேண்டும். வைத்தியத்தைப் பற்றி, செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ மாணவி சொல்லக்கூடாது. ஒவ்வொரு முறையும் தொடங்குமுன், இந்தக் கிழமை மனக்கஷ்டம் எவ்வளவு என்று கேட்டு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைப் பதியவேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஆய்வுக் குழுவின் டொக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஐந்துக்குக் கீழே என்றால் மாணவி வழமைபோலத் தொடரலாம். அந்த ஐந்து என்ற கோடு நோயாளிக்குத் தெரியக்கூடாது.

மூக்கனின் வீடு வாய்க்கால் கரையோரம் அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. முன்பக்கம் மட்டும் பூசியிருந்தது. எழுபத்தேழாம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஒன்று அது. சுமித்திராவின் அப்பப்பாவும் அதே ஆண்டுதான் வந்தவர். அதைச் சொன்னதும் மூக்கன் கதிரையை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றெல்லாம் கேட்டார். புண்ணால் சொற்கள் குழைந்துதான் வந்தன, ஆனாலும் மனிதர் பேச்சுப் பிரியர்.

அவர் மனைவி அழகம்மாவுக்குச் சீனி வியாதியில் கண் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டுந்தான் தெரியும். விதிப்படி அவர் வெளியே இருக்கவேண்டும் என்று சுமித்திரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ரகசியம் பேசுற வயசுதான்" என்று சிரித்துக்கொண்டே அழகம்மா சுவரைத் தடவி வெளியே போய் முருங்கை மரத்தடியில் குந்தினார். பக்கத்தில் வெற்றிலை இடிக்கும் உரல் கவிழ்ந்து கிடந்தது. மூக்கனுக்கு இன்ன நோய் என்று சொன்ன நாளிலிருந்து அவரும் வெற்றிலையை விட்டுவிட்டார்.

சுமித்திரா எண்கள் போட்ட அட்டையை நீட்டினாள். அதில் காய்ச்சல் பார்க்கும் கோல் மாதிரி ஒரு படம் இருந்தது.

"இத வாயில வைக்கச் சொல்லாத புள்ள, அங்க இடமில்ல" என்றார் மூக்கன். பிறகு ஏழில் விரலை வைத்தார்.

ஏழு என்றபடியால் டொக்டர் ஜனார்த்தனன் மறுநாளே வந்தார். நல்ல மனிதர், மூன்று மாவட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். ஒப்பரேஷனைப் பற்றிப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மூக்கன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் நின்ற சுமித்திராவைப் பார்த்து, "என்ன சுமித்திரா, ஐயா ஏழு எண்டுறார், நீர் அப்பிடி என்ன கதைச்சனீர்?" என்று டொக்டர் பகிடி விட்டார். அவள் சிரித்தாள். உள்ளே மூக்கன் சிரிக்கவில்லை. அதை அவள் கவனித்தாள், ஆனால் வாய் நோகிறதாக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த கிழமை அவர் நாலு என்றார். அதற்கடுத்த கிழமை மூன்று. அவள் அட்டையை மடிக்கும்போது முகத்தில் வந்த சந்தோசத்தை மறைக்கத் தெரியவில்லை. ராஜினி மிஸ் மற்ற மாணவர்களுக்கு அவளைக் காட்டி, முறைப்படி செய்தால் இப்படித்தான் என்றார். மூச்சுப் பயிற்சி, கவலையை வெளியே எடுத்து வைத்துப் பார்க்கும் பயிற்சி, எல்லாவற்றையும் கைநூலில் இருந்தபடி ஒழுங்காகச் செய்தாள். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னபோது, "அறுவது வருசமா விடுறேன், இப்பதான் பழக்க வந்திருக்கிறீங்க" என்றுவிட்டு அவர் மூச்சை இழுத்தார். அவர் கண்ணோரம் ஒவ்வொரு முறையும் சுருங்கியது.

அவர் ஏன் முதல் திகதிக்குப் போகவில்லை என்பது ஐந்தாவது கிழமை தெரிந்தது. பயிற்சியின் நடுவில் அவர் சட்டென்று எழுந்து யன்னலடிக்குப் போனார். வெளியே அழகம்மா கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தார்.

"இடப்பக்கம் வா. இன்னும் கொஞ்சம். கல்லு இருக்கு. ம், இப்ப நட."

நாக்குப் புரளாமல், ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளித்தான் சொன்னார். அழகம்மா சொன்னபடி திரும்பி நடந்தார். மூக்கன் வந்து கதிரையில் இருந்து வாயைத் துணியால் ஒற்றினார். துணியில் இரத்தம்.

"நாக்க வெட்டினா நான் பேச மாட்டேனாம். எழுதிக் காட்டலாமாம், கையால காட்டலாமாம். கிளினிக்கில படம் போட்டுக் காட்டினாங்க. நான் கையக் காட்டினா அவ எதால பாப்பா புள்ள?"

சுமித்திராவுக்குச் சொல்லவேண்டும்போல் இருந்த எல்லாம் சொல்லக்கூடாதவை. வெட்டாவிட்டால் நாக்கு மட்டுமல்ல, நீங்களே இருக்கமாட்டீர்களே ஐயா என்பது வைத்தியத்தைப் பற்றிய ஆலோசனை. கைநூலில் சொல்லித்தந்த வசனம் ஒன்று இருந்தது. அதைத்தான் சொன்னாள்.

"அது உங்களுக்குப் பெரிய யோசனையா இருக்குப் போல."

"ஓம் புள்ள" என்றார் மூக்கன், அவளை ஆறுதல்படுத்துவதுபோல.

அன்றைக்கு அவர் கொடுத்திருந்த எண் இரண்டு.

வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி ராஜினி மிஸ்ஸுக்கு அழைத்தாள். அவர் போகாததற்குக் காரணம் பயம் இல்லை, அந்த அம்மாவின் கண் என்று சொன்னாள். டொக்டர் ஒருக்கால் வந்து இரண்டு பேரையும் வைத்துக் கதைத்தால் ஏதாவது வழி பிறக்கும், அவரை வரச் சொல்ல முடியாதா என்று கேட்டாள். ராஜினி மிஸ் முழுவதையும் கேட்டார். பிறகு எண் எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றாள்.

"ரெண்டு எண்டா நான் அவரை எப்பிடி அனுப்புறது சுமித்திரா? பூநகரியில ஒருத்தர் ஒம்பது சொல்லிப்போட்டு இருக்கிறார். கிளினிக்குக்கு வரேக்க கேக்கச் சொல்லி எழுதிவிடுறன். வேறை நான் செய்ய ஒண்டுமில்லை."

எழுதியும் விட்டார். கிளினிக்கில் அன்று இருந்தவர் புதிய டொக்டர். ஏதாவது கஷ்டம் இருக்கிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அவர் கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை சேர் என்று மூக்கன் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அழகம்மாவும் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். திகதிக்கு வருவீர்கள்தானே என்றதற்கு ஓம் என்றிருக்கிறார்கள்.

ஏழாவது கிழமை அவரால் வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. கஞ்சியையும் துணியில் வடித்துத்தான் குடித்தார். தாடையின் கீழ் ஒரு கட்டி தெரிந்தது. சுமித்திரா அட்டையை நீட்டினாள். ஒன்றில் விரலால் தட்டினார். நிச்சயமா ஐயா என்று கேட்டாள். அவர் இன்னொருமுறை ஒன்றில் தட்டினார். அன்று செய்யவேண்டிய பயிற்சியை அவள் பாதியில் விட்டுவிட்டாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

வெளியே வந்து ஹெல்மெட்டை எடுத்தபோது முருங்கை மரத்தடியிலிருந்து அழகம்மா கூப்பிட்டார்.

"இன்னைக்கி எத்தன புள்ள?"

நோயாளி சொன்னதை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவள் சொன்னாள்.

"எனக்குச் சொல்லாட்டி என்ன. ரெண்டு தட்டுத் தட்டினாரே, காது கேக்குந்தானே. கெழமைக்கிக் கெழமை குறைச்சிக்கிட்டே வாறாரு, ஒண்ணாத்தான் இருக்கும். அப்ப நீ பாஸ்தானே?"

சுமித்திராவுக்கு விளங்கவில்லை. அழகம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எண் குறையக் குறையத்தான் புள்ளைக்கு மாக்ஸ் என்று மூக்கன் அவரிடம் சொல்லியிருக்கிறார். முதல்தரம் ஏழு என்று சொன்னதற்கு மறுநாளே பெரிய டொக்டர் காரில் வந்து, வாசலில் வைத்துப் புள்ளையைக் கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு மூக்கன் சாப்பிடவில்லையாம். நம்ம ஊட்டுப் புள்ள ஒண்ணு படிச்சு மேல வருது, அதை நாமளே விழுத்திப்போடக்கூடாது என்றாராம்.

"ராவில துணியக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கிறாரு. எனக்குத் தெரியக்கூடாதாம். கட்டில் ஆடுறது எனக்குத் தெரியாதா? நெசத்துக்குப் பத்துத்தான் புள்ள. அதுக்கு மேல இருந்தா அதுந்தான்."

சுமித்திரா ஹெல்மெட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். தனக்கு இதில் மாக்ஸே இல்லை என்றாள். தான் தொண்டர், பாஸும் இல்லை பெயிலும் இல்லை, டொக்டர் அன்று கேட்டது பகிடி என்றாள். மூக்கன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறக்காமலே, பல்லுக்கிடையால் மெதுவாகத் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொன்னார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வருசத்துக்கு ஒருதரம் தொழிலாளர் லயத்துக்கு வந்து, உங்களுக்கு ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்பாராம். பக்கத்தில் வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். ஒருமுறை மூக்கனின் அப்பா, கூரை ஒழுகுகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். கூரை ஒழுகியபடியே இருந்தது. கணக்கப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் நல்ல மனுசன், அவருக்குப் பிறகு வந்தவன்தான் அடிக்கிறவன்.

"உள்ளதச் சொன்னா பக்கத்தில நிக்கிற நல்ல ஆளுக்குத்தான் புள்ள அடி விழும்" என்றார் மூக்கன்.

இங்கே அப்படி இல்லை என்று அவள் மன்றாடுவதுபோல் சொன்னாள். உண்மையான எண்ணைச் சொன்னால் அவருக்குத்தான் உதவி வரும் என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த கிழமை கடைசிக் கிழமை. அந்தச் சந்திப்புக்கு நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்துத் திகதி. அதை நினைத்ததும் சொல்லக்கூடாததையும் அவள் சொல்லிவிட்டாள்.

"ஐயா, அஞ்சு எண்டாலே காணும். அஞ்சு சொன்னா டொக்டர் கட்டாயம் வரோணும். அம்மாவின்ர கண்ணைப் பற்றி அவரோட நேர கதைக்கலாம்."

மூக்கன் நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சா?" என்றார். ஓம் என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

அன்றே ராஜினி மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஐந்தைச் சொன்னதையும் சேர்த்து. பதிந்த எண்களை மாற்ற முடியாது, மனைவி சொல்வதை நோயாளியின் எண்ணாக எழுதவும் முடியாது என்றார். கடைசிச் சந்திப்பை மேற்பார்வையாளர் இருந்து பார்க்கவேண்டும் என்று எப்படியும் விதி இருக்கிறது, தானே வருவதாகச் சொன்னார். ஐந்து வந்தால் அந்த இடத்திலிருந்தே டொக்டருக்கு அழைப்பேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் போனார்கள். மூக்கனின் முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பேச்சு நின்று இரண்டு நாள் என்று அழகம்மா சொன்னார். கதைக்க முடியாதவரோடு தனியாக இருந்து என்ன கேட்பது என்று ராஜினி மிஸ் யோசித்து, அழகம்மாவையும் உள்ளே இருக்கச் சொன்னார். அழகம்மா கட்டில் ஓரத்தில் அவர் தொடையில் முட்டும்படி இருந்தார். மூக்கன் புதுச் சட்டை போட்டிருந்தார். ராஜினி மிஸ்ஸுக்கு எழுந்து கும்பிட்டார்.

சுமித்திரா அட்டையை நீட்டிக் கேட்டாள். அவர் அட்டையைத் தொடவில்லை. ராஜினி மிஸ்ஸைப் பார்த்து, வலது கையை உயர்த்தி, பொத்திய கையைக் காட்டினார். பூச்சியம். பிறகு சுமித்திராவைச் சுட்டி, நல்ல பிள்ளை என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"என்ன காட்டுறாரு?" என்றார் அழகம்மா.

அழகம்மா கையை நீட்டி அவர் தோளைத் தொட்டு, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு என்று தடவிப்போய் அந்தப் பொத்திய கையைக் கண்டுபிடித்தார். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்தார்.

"தொறங்க" என்றார்.

மூக்கன் திறக்கவில்லை. அழகம்மா சின்ன விரலில் தொடங்கினார். நகத்தை உள்ளே கொடுத்து நெம்பி அதை நிமிர்த்தினார். அடுத்ததை நிமிர்த்தினார். அவர் இழுத்துக்கொள்ளவில்லை, விட்டுக்கொடுத்தார். மூன்றாவதும் வந்தது, சுட்டுவிரலும் வந்தது. ராஜினி மிஸ் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. அழகம்மா அதை இழுத்தார். அது அசையவில்லை. இரண்டாம் முறை இழுத்தார். மூக்கன் சுமித்திராவை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ பிடிவாதமோ இல்லை. போன கிழமை அவள் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

"நாலோ ஐயா?" என்று ராஜினி மிஸ் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார்.

"அஞ்சு மிஸ்" என்றார் அழகம்மா. "இந்தப் பெருவிரலையும் சேத்து எழுதுங்க. அவரு பொய் சொல்றாரு."

"அம்மா, அவர் தானாத் தந்தால்தான்."

"நான் தாறேன் மிஸ்."

ராஜினி மிஸ் அழகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுமித்திராவிடம் எழுதும் என்றார். சுமித்திரா நாலு என்று எழுதினாள். எழுத்து ஒழுங்காகத்தான் வந்தது.

எழும்பும் நேரம் மூக்கன் மனைவியின் உள்ளங்கையைத் திருப்பி, அதில் விரலால் இரண்டுதரம் தட்டி, ஒரு வட்டம் போட்டார். அழகம்மா தலையைச் சரித்துக் கொஞ்சம் யோசித்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டாம்" என்றார். சொல்லிவிட்டு, எப்படித் தெரிந்தது என்று சுமித்திரா கேட்க முதல் தானே சொன்னார். பேச்சு நின்றதிலிருந்து இப்படித்தானாம். வட்டம் என்றால் கோப்பை. கோடு இழுத்தால் வாசற்பக்கம். கிள்ளினால் கல்லு.

சுமித்திரா நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு நாளில் இவர்கள் தாங்களாகவே ஒரு பேச்சை உண்டாக்கியிருந்தார்கள். இனி ஒரு சந்திப்பு இல்லை, இனி ஒரு விதியும் இல்லை. ராஜினி மிஸ் பக்கத்தில் நிற்கும்போதே அவள் குனிந்து மூக்கனின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஐயா, நீங்கள் வாயால சொல்லாமலே அம்மாவுக்கு விளங்குதுதானே. பிறகேன்? செவ்வாய்க்கிழமை போங்கோ ஐயா. நானும் வாறன், அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன்."

ராஜினி மிஸ் தடுக்கவில்லை. மூக்கன் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். அழகம்மாவின் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. எத்தனை மணிக்கு வரட்டும், பஸ்ஸா, வான் பிடிக்கவா என்று சுமித்திரா கேட்டுக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். மணிக்கும் ஆட்டினார், பஸ்ஸுக்கும் ஆட்டினார், வானுக்கும் ஆட்டினார்.

"ஓம் எண்டுறாரா புள்ள?" என்று அழகம்மா கேட்டார்.

"ஓம் அம்மா, ஓம் எண்டுறார்" என்றாள் சுமித்திரா.

அழகம்மா சுவரைத் தடவிக்கொண்டு தேத்தண்ணி வைக்கக் குசினிப் பக்கம் போனார். மூக்கன் எழுந்து வழி சொல்ல முடியாமல், தன் கைக்கு எட்டாத தூரத்தில் அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.